ஒரே நோட்டு, இரண்டு வாசல்: டைரி எழுதத் தொடங்குபவர்களுக்கு

என்னிடம் மூன்று பழைய டைரிகள் இருக்கின்றன. மூன்றிலும் ஜனவரி முதல் வாரம் மட்டும்தான் எழுத்து, மீதியெல்லாம் வெள்ளைத்தாள். “காலை ஆறுக்கு எழுந்தேன். வேலைக்குப் போனேன். தலைவலி. சீக்கிரம் படுத்தேன்.” எழுதும்போதே கொட்டாவி வந்தது. எட்டாம் தேதியோடு விட்டதில் தப்பே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான்காவது நோட்டு தாக்குப்பிடித்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுவதை விட்டுவிட்டு, என்ன உறுத்துகிறது என்று எழுத ஆரம்பித்தேன். கூடவே ஓர் ஏற்பாடு. நோட்டின் முன்பக்கத்திலிருந்து மனப்பாரத்தை இறக்கிவைப்பது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து நன்றி எழுதுவது. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலப்பதில்லை. கலந்தால் இப்படித்தான் வரும்: “எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன். பரவாயில்லை, வேலையாவது இருக்கிறதே.” அந்த இரண்டாவது வாக்கியம் பார்க்க நன்றி மாதிரி இருக்கும். ஆனால் அது நம் வாயை நாமே பொத்துவது. திட்டு வாங்கிய வலியும் வெளியே வராது, வேலைக்கான நன்றியும் மனதாரச் சொன்னதாக ஆகாது.

சரி, தொடங்கலாம்.

படி 1: நோட்டு

மலிவானதாக வாங்குங்கள். தோல் அட்டை போட்ட அழகான நோட்டில் எழுதினால் வாக்கியமும் அழகாக வர வேண்டும் என்ற பயம் வந்துவிடும். கிறுக்கத் தயங்காத நோட்டுதான் வேண்டும். ஃபோனில் எழுத வருமென்றால் அதிலும் எழுதலாம். நடுவில் வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கும் என்பதுதான் தொல்லை.

இதைவிட முக்கியம், வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நிச்சயம். வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்று தோன்றினாலே பேனா பொய் சொல்லத் தொடங்கிவிடும். ஒளித்துவைக்க இடம் இல்லையென்றால் எழுதியதும் கிழித்துப் போடுங்கள். முன்பக்கத்தைப் பொறுத்தவரை எழுதுவதில்தான் பலன் இருக்கிறது. சேர்த்துவைத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

படி 2: நேரம்

“நேரம் கிடைக்கும்போது” என்று வைத்தால் கிடைக்காது. ஏற்கெனவே தினமும் செய்கிற ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். நான் இரவு பல் துலக்கிய பிறகு எழுதுகிறேன். பத்து நிமிடம் அலாரம். அது அடித்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும் மூடிவிடலாம்.

படி 3: முன்பக்கம், பாரத்தை இறக்குவது

இந்தப் படிக்குப் பின்னால் ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. 1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரண விஷயம். மற்றவர்களுக்கு வாழ்க்கையில் தங்களை மிகவும் பாதித்த சம்பவம். அந்த மாணவர்களில், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்துத்தான் இருந்தது. இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முதல் நாள் எழுதிவிட்டு “ஐயோ, இருந்ததைவிட மோசமாகிவிட்டதே” என்று நோட்டை ஓரங்கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கனம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

எழுதும் முறை எளிது. பேனாவை நிறுத்தாதீர்கள். எழுத்துப்பிழை, ஒற்று, எதையும் திருத்தாதீர்கள். ஒன்றும் தோன்றாவிட்டால் “ஒன்றும் தோன்றவில்லை” என்றே எழுதுங்கள். மூன்றாவது தடவை அதை எழுதுவதற்குள் வேறு ஏதாவது வந்துவிடும்.

என் நோட்டிலிருந்தே ஒன்று காட்டுகிறேன். முதலில் வந்தது இது:

“கூட்டத்தில் நான் பேச வாயைத் திறந்ததும் அவன் குறுக்கே புகுந்துவிட்டான். கடுப்பாக இருந்தது.”

புதிதாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அது வெறும் புலம்பல். இங்கே உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: கடுப்பு என்றால் என்ன கடுப்பு? அப்புறம் வந்தது இது:

“கடுப்பு இல்லை, வெட்கம். நான் பாதியில் நிறுத்தியதை யாரும் கவனிக்கவே இல்லை. போன தடவையும் இப்படித்தான். நான் இழுத்து இழுத்து ஆரம்பிப்பதால் பேசி முடித்துவிட்டேன் என்று நினைக்கிறார்களோ? அடுத்த முறை முதல் வரியிலேயே விஷயத்துக்கு வர வேண்டும்.”

இரண்டுக்கும் நடுவில் இரண்டே நிமிடம்தான். ஆனால் கடுப்பு வெட்கமாக மாறியதும் தோள் கொஞ்சம் தளர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பதில் ஏதோ இருக்கிறது. 2007-இல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்போது மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. “டென்ஷன்” என்ற ஒரே சொல்லில் நாம் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே பொறாமை இருக்கும், பயம் இருக்கும், ஏமாற்றம் இருக்கும், சில நாள் வெறும் தூக்கமின்மை இருக்கும்.

ஏன் என்ற கேள்வியும் அப்படித்தான். பென்னிபேக்கர் பிற்பாடு, எழுதியவர்களின் சொற்களை எண்ணிப் பார்த்தார். காரணம் சொல்கிற சொற்களும், “புரிந்தது”, “தெரிந்தது” வகைச் சொற்களும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனவர்களுக்குத்தான் பலன் அதிகம். ஒரே புலம்பலை நான்கு நாளும் திருப்பி எழுதினால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. மூன்று நாள் ஒரே வாக்கியம் வருகிறதா? கேள்வியை மாற்றுங்கள். “இதில் என் கையில் இருப்பது எது?” அல்லது “இதே கதையை ஒரு நண்பர் சொன்னால் நான் என்ன சொல்வேன்?” “நான்” என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைப் போட்டு, வேறு யாருக்கோ நடந்த கதை போல எழுதிப் பார்ப்பதும் ஒரு வழி. முதலில் சிரிப்பு வரும். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடியும்.

ஓர் எச்சரிக்கை. எழுத எழுதத் தாங்க முடியாமல் போகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். புண் பச்சையாக இருக்கும்போது அதைக் கிளற வேண்டாம். வேறு எதையாவது எழுதலாம், அல்லது நோட்டை மூடிவைத்துவிட்டு ஒரு நடை போய்வரலாம்.

படி 4: தூங்கப் போகுமுன் ஒரு பட்டியல்

இது சின்னப் படி, ஆனால் உடனே பலன் தெரிவது இதில்தான். விளக்கை அணைத்ததும் “நாளைக்கு அதைச் செய்யணுமே, இதை மறந்துடக் கூடாதே” என்று தலைக்குள் ஓடுகிறதே, அதைத் தாளுக்கு மாற்றுங்கள். 2018-இல் தூக்கத்தை ஆராயும் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 பேரிடம் இதைச் சோதித்தது. படுக்கும் முன் 5 நிமிடம், பாதிப் பேர் அடுத்து வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதினார்கள், மீதிப் பேர் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். அதனால் “வங்கி வேலை” என்று எழுதாதீர்கள். “பத்து மணிக்கு வங்கி, பழைய பாஸ்புக் எடுத்துப் போகணும்” என்று எழுதுங்கள்.

இதுவும் முன்பக்கத்திலேயே இருக்கட்டும்.

படி 5: நோட்டைத் திருப்புங்கள், நன்றி

இங்கேதான் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள். “குடும்பத்துக்கு நன்றி. ஆரோக்கியத்துக்கு நன்றி. வேலைக்கு நன்றி.” மறுநாளும் அதே மூன்று. ஒரு வாரத்தில் அது வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிடும். பொய் இல்லை, ஆனால் எழுதுகிறவர் மனதில் ஒன்றும் அசையாது.

ஆகவே முதல் விதி: கண்ணால் பார்த்த ஒன்றாக இருக்க வேண்டும். என் பின்பக்கத்திலிருந்து:

“இரண்டு கையிலும் பை. முன்னால் போன பெண் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்காக நிற்க வேண்டிய அவசியமே இல்லை.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போதுதான் எனக்கு நன்றி வந்தது. கதவுக்காக இல்லை, அந்த அவசியமின்மைக்காக. அதனால் இரண்டாவது விதி: அது ஏன் நடந்தது என்று ஒரு வரி சேருங்கள். யாரோ மெனக்கெட்டிருப்பார்கள், அல்லது நீங்களே ஏதோ சரியாகச் செய்திருப்பீர்கள். அதையும் எழுதலாம், தற்பெருமை ஆகாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? தினமும் வேண்டாம் என்பது என் கட்சி. 2003-இல் உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து விஷயம் என்று பத்து வாரம் எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாகச் சொன்னார்கள், வரப்போகும் வாரத்தையும் நம்பிக்கையோடு பார்த்தார்கள். இன்னொரு உளவியலாளர் சோனியா லியூபோமிர்ஸ்கி வாரம் ஒருமுறை எழுதுகிறவர்களையும் மூன்று முறை எழுதுகிறவர்களையும் ஒப்பிட்டபோது, ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது. அடிக்கடி செய்தால் பழகிப்போய்விடும் போல. நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நோட்டைத் திருப்புகிறேன், மூன்று விஷயத்துக்கு மேல் போவதில்லை.

சொல்ல எதுவும் வரவில்லையா? கழித்துப் பாருங்கள். உங்களுக்கு நெருக்கமான ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைச் சந்தித்த அந்த நாள் நீங்கள் வேறு எங்காவது போயிருந்தால்? அந்த வரிசையில் வேறு இடத்தில் நின்றிருந்தால்? சந்திக்காமலே போயிருக்கக்கூடிய எல்லா வழிகளையும் எழுதுங்கள். நன்றி என்ற சொல்லையே எழுத வேண்டாம், தானாக வரும்.

அப்புறம், மோசமான வாரத்தில் பின்பக்கத்தைக் காலியாக விடலாம். தேதி போட்டு ஒரு கோடு, போதும். நன்றி எழுதுகிறோம் என்பதற்காக அநியாயத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. அது முன்பக்கத்து விஷயம், அங்கே போய் உரக்கவே எழுதுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். பத்து நாள் இடைவெளியை நிரப்ப உட்காராதீர்கள். அன்றைய தேதியைப் போட்டுத் தொடருங்கள். இதற்காகவே தேதி அச்சிட்ட டைரியும் வாங்காதீர்கள். காலியான பக்கம் ஒவ்வொன்றும் நம்மை முறைக்கும்.

மாதத்துக்கு ஒருமுறை பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். முன்பக்கத்தை அவசரப்பட்டுப் படிக்க வேண்டாம். படித்தால், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். என் நோட்டில் ஒரே ஆளின் பெயர் ஒரு மாதத்தில் ஏழு தடவை வந்திருந்தது. அவரிடம் நேரில் பேச வேண்டும் என்று அந்த எண்ணிக்கைதான் சொன்னது.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் நோட்டை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அதுவரை நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைக் கையோடு கொண்டுபோனால், அங்கே போய் எங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பது என்ற திணறலாவது இருக்காது.

இரண்டு எழுத்தும் நடுவில் எங்கேயாவது முட்டிக்கொள்ளும்போது நோட்டு முடிந்தது, புதிது வாங்கலாம். என்னுடையதில் இன்னும் பன்னிரண்டு தாள் பாக்கி. முன்பக்கம்தான் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. வரட்டும்.