குடல் சுவருக்குள் வளரும் ஜிஸ்ட் கட்டி: கண்டறிவதும் அறுவை செய்வதும்

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுப்பாகப் போவது வழக்கம். இரைப்பை, குடல் சுவரின் தசை அடுக்கில் வளரும் ஜிஸ்ட் (Gastrointestinal Stromal Tumour) என்ற புற்றுக்கட்டியைப் பல மாதங்கள் மறைத்து வைப்பது பெரும்பாலும் இந்த வழக்கம்தான். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் களைப்பு என்று வருகிறார். ஹீமோகுளோபின் 7 அல்லது 8 கிராம் இருக்கிறது. இரும்புச்சத்து எழுதிக் கொடுக்கிறோம். அடுத்த முறை வந்து மலம் கறுத்துப் போகிறது என்று அவர் சொன்னால், மாத்திரையால் அப்படித்தான் இருக்கும் என்று நாமே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். மாத்திரையால் கறுத்த மலம் வழக்கமான பதத்தில் இருக்கும். கையுறையில் தேய்த்தால் கரும்பச்சை தெரியும். மேற்குடலில் கசிந்த ரத்தம் கலந்த மலமோ தார்போல ஒட்டும், பளபளக்கும். அதன் நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர் மறப்பதில்லை. ஆகவே முதல் படி, மலக்குடலை விரலால் சோதித்துவிட்டுக் கையுறையைப் பார்ப்பது. ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கட்டியை அபூர்வமாகவே சந்திக்கும் பொது அறுவை மருத்துவர்களையும் முதுநிலை மாணவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 10 முதல் 15 பேருக்கு வரும் நோய் இது. குடல் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே இருந்துகொண்டு குடலின் அசைவுக்குத் தாளம் வகுத்துக் கொடுக்கும் கஹால் செல்களோடு உறவுடையது. 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹாலின் பெயரைத் தாங்கிய செல்கள் அவை. முன்பெல்லாம் இதைத் தசைக்கட்டி என்றே நோய்க்குறியியல் அறிக்கைகள் குறித்து வந்தன. 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிட் என்ற மரபணுவின் திரிபே இதன் மூலம் என்று காட்டிய பிறகுதான் இது தனி நோயாக நிலைபெற்றது. ஏறத்தாழ 60 விழுக்காடு இரைப்பையிலும், 30 விழுக்காடு சிறுகுடலிலும் தோன்றுகிறது. எஞ்சியவை முன்சிறுகுடல் (டியோடினம்), மலக்குடல், மிக அரிதாக உணவுக்குழாய்.

கண்டறியும் வரிசை

எண்டோஸ்கோபியில் தெரிவது பெரும்பாலும் வழவழப்பான ஒரு மேடு. சில வேளை அதன் உச்சியில் தொப்புள்போல ஒரு சிறு குழிப்புண். அந்த மேட்டின்மீது சாதாரண இடுக்கியால் கிள்ளி எடுத்தால் மேல் சவ்வு மட்டுமே வரும். அறிக்கை "இயல்பான சவ்வு" என்று வரும். நோயாளி நிம்மதியாக வீடு திரும்புவார். கட்டி இருப்பது சவ்வுக்குக் கீழே தசை அடுக்கில் என்பதால் அந்த அறிக்கைக்கு எந்த மதிப்பும் கிடையாது. எண்டோஸ்கோப்பின் முனையில் பொருத்திய கருவியால் உள்ளிருந்து பார்க்கும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் இரைப்பைச் சுவர் ஐந்து அடுக்குகளாகத் தெரியும். நான்காவது அடுக்கிலிருந்து கிளம்பும் கருமையான திரள் ஜிஸ்ட் என்ற ஐயத்தை வலுப்படுத்தும். ஓரம் ஒழுங்கற்றிருத்தல், உள்ளே நீர்க்குழிகள், மேலே புண் ஆகியவை இருந்தால் சிறிய கட்டியையும் விட்டுவைக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாத, 2 செ.மீ.க்குக் குறைந்த இரைப்பைக் கட்டியை 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டில் பார்த்துவரலாம்.

அடுத்தது, வாய்வழியும் நரம்புவழியும் மருந்து கொடுத்து எடுக்கும் சி.டி. ஸ்கேன். வயிறு, இடுப்புக்கூடு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்; இந்தக் கட்டி பரவும் இடங்கள் கல்லீரலும் வயிற்றறை உறையும். நிணநீர்க் கணுக்களுக்கு இது பொதுவாகப் போவதில்லை. ஆகவே கணுக்கள் பெரிதும் வீங்கியிருந்தால் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயையோ காசநோயையோ முதலில் நினைக்க வேண்டும். சிறுவர்களிலும் இளம் வயதினரிலும் காணும், எஸ்.டி.எச். என்ற நொதி குறைபட்ட ஜிஸ்ட் வகை மட்டும் இதற்கு விலக்கு. மேல், கீழ் எண்டோஸ்கோபி இரண்டும் சுத்தமாக இருந்தும் ரத்தம் குறைந்துகொண்டே போனால் சிறுகுடலைத் தேட வேண்டும்: சிறுகுடலுக்கான சி.டி. என்ட்ரோகிராஃபி, பிறகு கேமரா உள்ள கேப்சூலை விழுங்கவைக்கும் கேப்சூல் எண்டோஸ்கோபி. வயிற்றுவலியும் உப்புசமும் வந்து வந்து போகிறவருக்கு, அடைப்பு இல்லை என்று உறுதிசெய்யாமல் கேப்சூலை விழுங்கக் கொடுத்துவிடாதீர்கள். சோதிக்கப் போன கேப்சூலே அடைப்பாகி நிற்கும்.

ஒரே அறுவையில் முழுதாக எடுத்துவிடலாம் என்று தோன்றும் கட்டிக்கு, அறுவைக்கு முன் திசுச் சோதனை எப்போதும் தேவையில்லை. முதலில் இமாடினிப் என்ற புற்றுநோய் மாத்திரை கொடுத்துச் சுருக்க வேண்டியிருந்தாலோ, வேறு நோயாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ கட்டாயம் தேவை. அப்போதும் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட் வழியே உள்ளிருந்து ஊசியால் எடுப்பதே என் முதல் தேர்வு. வயிற்றுத் தோல் வழியே குத்தினால் மென்மையான கட்டி உடைந்து செல்கள் வயிற்றறையில் சிந்தும் ஆபத்து உண்டு. நோய்க்குறியியல் மருத்துவர் சி.டி.-117, டாக்-1 என்ற இரு அடையாளங்களைச் சோதிப்பார்; ஏறத்தாழ 95 விழுக்காட்டுக் கட்டிகளில் முதலாவது தென்படும். (தமிழில் எழுதும்போது ஸ்கேனும் சி.டி., இந்தப் புரதமும் சி.டி. குறிப்பேட்டில் எண்ணையும் சேர்த்து எழுதாவிட்டால் படிப்பவர் குழம்பிப் போவார்.)

மாத்திரை கொடுப்பதற்கு முன் மரபணுத் திரிபுச் சோதனையும் வேண்டும். கிட் மரபணுவின் எக்ஸான் 11 என்ற பகுதியில் உள்ள திரிபுக்கு இமாடினிப் நன்றாக வேலை செய்யும். சிறுகுடலில் மிகுதியாகக் காணும் எக்ஸான் 9 திரிபில், நோய் பரவிய நிலையில் நாளுக்கு 400 மி.கி.க்குப் பதில் 800 மி.கி. பரிசீலிக்கப்படுகிறது. பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. மரபணுவின் டி-842-வி திரிபுக்கு இமாடினிப்பால் பயனே இல்லை. சோதிக்காமல் ஆறு மாதம் மாத்திரை கொடுத்துவிட்டுக் கட்டி சுருங்கவில்லையே என்று வருந்துவதைவிட, சோதனை அறிக்கைக்கு இரண்டு மூன்று வாரம் காத்திருப்பது நல்லது.

அவசரமாக வரும்போது

ரத்தக்கசிவே மிகுதியாக வரும் சிக்கல். முதலில் ரத்தமும் திரவமும் கொடுத்து நிலைப்படுத்துங்கள். இதயநோய் இல்லாதவருக்கு ஹீமோகுளோபினை 7 கிராமுக்கு மேல் நிறுத்தினால் போதும். எண்டோஸ்கோபி வழியே கிளிப் போடுவதோ மருந்து செலுத்துவதோ தற்காலிகத் தடுப்பு மட்டுமே. கசிவது கட்டியின் புண்ணிலிருந்து என்பதால் மீண்டும் திறந்துகொள்ளும். நிற்காவிட்டால் சி.டி. ஆஞ்சியோ எடுத்து, ரத்தக்குழாயை உள்ளிருந்து அடைக்கும் எம்போலைசேஷனுக்கு அனுப்பலாம். கசிவு நின்றுவிட்டால், நள்ளிரவில் கட்டியின் எல்லை தெரியாமல் வயிற்றைத் திறப்பதைக் காட்டிலும், இரண்டொரு நாளில் முழுப் படத்துடன் திட்டமிட்டுத் திறப்பதே நோயாளிக்கு நல்லது என்பது என் கருத்து.

வெளிநோக்கி வளர்ந்த கட்டி வயிற்றறைக்குள் உடைவது இதைவிடக் கொடியது. திடீர் வலி, வயிற்று விறைப்பு, சரியும் ரத்த அழுத்தம் என்று வருபவருக்கு உடனே திறக்க வேண்டியதுதான். உறைந்த ரத்தத்தை அகற்றி, வெதுவெதுப்பான சலைனால் கழுவி, ஓமெண்டத்தையும் (குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை) இடுப்புக்கூட்டின் அடியையும் கண்ணால் முழுதும் பார்த்து, சந்தேகமான முடிச்சுகளை எடுத்து அனுப்புங்கள். அறுவைக் குறிப்பில் "கட்டி உடைந்திருந்தது" என்ற இரண்டு சொற்களை மறக்காமல் எழுதுங்கள். அளவு எதுவானாலும் உடைந்த கட்டி உயர் அபாயப் பிரிவில் சேரும். பின்னால் பார்க்கப் போகும் புற்றுநோய் மருத்துவருக்கு அதைத் தெரிவிப்பது உங்கள் குறிப்பு மட்டுமே.

குடல் குடலுக்குள் செருகிக்கொண்டு அடைப்பாக வந்தால், செருகிய பகுதியை அழுத்திப் பின்னுக்குத் தள்ளி விடுவிக்க முயலாதீர்கள். உள்ளே தலைமுனையில் இருக்கும் கட்டி நசுங்கி உடையும். அந்தத் துண்டை அப்படியே வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைப்பது போதும்.

அறுவை மேசையில்

இந்த நோயில் அறுவையின் வெற்றி, எவ்வளவு பெரிதாக வெட்டினோம் என்பதில் இல்லை, கட்டியின் போர்வை கிழியாமல் எடுத்தோமா என்பதில்தான் இருக்கிறது. அந்தப் போர்வை பார்ப்பதற்குப் பளபளப்பாக, மேலே கிளை விரித்த நீலச் சிரைகளுடன் இருக்கும். உள்ளே உள்ளதோ பல இடங்களில் செத்து இளகிய, மூளைத்திசுபோன்ற மென்மை. இடுக்கியால் கட்டியைப் பிடித்து இழுத்தால் ஒரு நொடியில் கிழியும். பக்கத்து இரைப்பைச் சுவரைப் பிடித்துத் தூக்குங்கள். கட்டியை ஈரத் துணியால் மட்டுமே தொடுங்கள். ஒட்டியிருக்கும் ஓமெண்டத்தைப் பிரிக்க முயலாமல் ஒரு துண்டைக் கட்டியோடு சேர்த்தே எடுங்கள். கட்டியை மட்டும் சுரண்டி எடுப்பதும் கூடாது.

இரைப்பையில் 1 முதல் 2 செ.மீ. இயல்பான சுவரோடு ஆப்புபோல வெட்டி எடுப்பது பெரும்பாலும் போதும். கணுக்களை வாரி எடுக்கத் தேவையில்லை. முன்சுவர், பெருவளைவு ஆகிய இடங்களில் லேப்ராஸ்கோபியில் ஸ்டேப்லரால் எளிதில் முடியும். சிறுவளைவிலோ உணவுக்குழாய் சேரும் இடத்திலோ ஸ்டேப்லர் போடும்போது எண்டோஸ்கோப்பை உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையேல் வழி குறுகிப் போகும். எடுத்த கட்டியைப் பையில் போட்டே வெளியே கொண்டுவர வேண்டும். பெரிதாக இருந்தால் தோல் வெட்டை நீட்டுங்கள், பைக்குள் துண்டாக்காதீர்கள். துண்டாக்கி எடுத்தால் உடைந்த கட்டி என்றே கணக்கு. நோய்க்குறியியல் மருத்துவரால் அளவும் ஓரமும் சொல்ல முடியாமல் போகும்.

முன்சிறுகுடல், மலக்குடல், உணவுக்குழாய்ச் சந்திப்பு ஆகிய இடங்களில் உடனடி அறுவை என்றால் கணையத் தலையையோ ஆசனவாய்த் தசையையோ இழக்க நேரலாம். இங்கேதான் திரிபுச் சோதனைக்குப் பிறகு 6 முதல் 12 மாதம் இமாடினிப் கொடுத்துச் சுருக்கி, சிறிய அறுவையாக மாற்ற முடியும். அறுவைக்கு ஓரிரு நாள் முன் மாத்திரையை நிறுத்தி, நோயாளி நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் மீண்டும் தொடங்கலாம்.

அறுவைக்குப் பிறகு

அறிக்கையில் தேட வேண்டியவை: கட்டியின் இடம், அளவு, 5 சதுர மி.மீ. பரப்பில் பிரியும் செல்களின் எண்ணிக்கை, உடைந்ததா இல்லையா. இடத்தின் முக்கியத்துவத்தை ஓர் உதாரணம் காட்டும். 5 முதல் 10 செ.மீ. அளவும், 5-க்கு மேற்படாத பிரியும் செல்களும் உள்ள கட்டி, இரைப்பையில் இருந்தால் நோய் முன்னேறும் வாய்ப்பு 3.6 விழுக்காடு, சிறுகுடலில் இருந்தால் 24. உயர் அபாயம் உள்ளவர்களுக்கு 3 ஆண்டு இமாடினிப் என்பது 2012-இல் வெளியான ஸ்காண்டிநேவிய-ஜெர்மானிய ஆய்வால் நிலைபெற்றது: 3 ஆண்டு எடுத்தவர்களில் 92 விழுக்காட்டினரும், ஓராண்டு மட்டும் எடுத்தவர்களில் 81.7 விழுக்காட்டினரும் 5 ஆண்டு முடிவில் உயிருடன் இருந்தனர்.

மாத்திரையின் விலையைப் பற்றிக் குடும்பத்தினர் கேட்பார்கள். இந்தியாவில் இதன் பொதுப்பெயர் (ஜெனரிக்) மாத்திரைகள் கிடைக்கின்றன. இமாடினிப்பின் பீட்டா படிகவடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்ததும், உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-இல் அந்த மறுப்பை உறுதிசெய்ததும் இதற்கு வழிவகுத்தன. மாத்திரையை உணவோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்கச் சொல்லுங்கள். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கமும் கெண்டைக்கால் பிடிப்பும் வரும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்து தாமே நிறுத்திவிடுவார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறாரா என்று கேட்காமல் எழுதாதீர்கள். அது இமாடினிப்பின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும்.

பரவிய நோய்க்கு மாத்திரை எடுப்பவரின் சி.டி. படத்தைப் பார்க்கும்போது அளவுகோலை மட்டும் நம்ப வேண்டாம். மருந்து வேலை செய்யும்போது கட்டி நீர்க்கட்டிபோல் அடர்த்தி குறைந்து, சில வேளை சற்றுப் பெரிதாகக்கூடத் தெரியும். முன்பு தெரியாத கல்லீரல் முடிச்சுகள் அடர்த்தி குறைந்ததால் புதியவைபோல் தென்படும். அடர்த்தி 15 விழுக்காடோ அளவு 10 விழுக்காடோ குறைந்தாலே பலன் என்று கொள்ளலாம். அறுவைக்குப் பின் மாத்திரை எடுத்தவருக்கு மூன்றாண்டு முடிந்து மாத்திரை நின்றபின், மீள்வு பெரும்பாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வருவதால், அந்தக் காலத்தில் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை சி.டி. எடுக்கும் தேதியை, மாத்திரையை நிறுத்தும் அன்றே நோயாளியின் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.