பொழிமுகத்து நேரமும் லண்டன் நேரமும்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணத்தில், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் தூண்டில் போடுவது பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு உயிர். வீட்டிலிருந்து லண்டன் டீமுக்கு வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, கையில் தூண்டிலும் காதில் இயர்போனுமாகக் கரையில் நின்று, மீனும் போய், மேலாளரிடம் பேச்சும் வாங்கியதுதான் மிச்சம்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருநாள் சொன்னார்: "மக்கா, வெள்ளம் ஏறுற நேரம் பாத்து வா." அதைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளம் ஏறுவது என்றால் கடல்நீர் உயரும் ஏற்றம், அது இறங்குவது வற்றம். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அதனால் இன்று காலை 6 மணிக்கு ஏற்றம் என்றால் அடுத்த வாரம் அதே நேரத்தில் வற்றமாக இருக்கும். லண்டனில் காலை 9 மணி என்பது அங்கே கோடைக்காலத்தில் நமக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. இரண்டையும் ஒரே காலண்டரில் குறித்தேன்.

விடியற்காலையில் வெள்ளம் ஏறும் நாட்களில் 5 மணிக்கே கரையில் இருப்பேன், போன் சைலண்டில் பைக்குள் கிடக்கும். 9 மணிக்குச் சுருட்டிக்கொண்டு வீடு, குளியல், பழங்கஞ்சி, அப்புறம் லேப்டாப். ஏற்றம் பிற்பகலில் விழுந்தால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான், எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனி, ஆடியில் கடல் சீறும்போது பொழிப்பக்கமே போவதில்லை.

போன வாரம் கிடைத்த கரிமீனுக்கு அம்மா தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தார், நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.