அக்லோனிமா தொட்டியில் ஏன் அழுகிப்போகிறது?

அக்லோனிமா வாங்குகிறவர்கள் பலரும் "நிழல் செடி, கவனிப்பே வேண்டாம்" என்று கேள்விப்பட்டுத்தான் வாங்குகிறார்கள். பாதி உண்மை. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்கிற செடி இது, நேர் வெயில் பட்டால் இலை கருகித் திட்டு விழும், சரி. ஆனால் நிழலில் தொட்டி மண் காய நாளாகும் என்பதை விற்கும்போது சொல்வதில்லை.

மாடியில் இருக்கிற ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் ஊற்றுகிற கையோடு இதற்கும் தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் அழுகிவிடும். அழுகின வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால் மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கும், பார்க்கிறவர் வாடுகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றுவார், அதோடு செடி முடிந்தது. நாள் கணக்கு வைக்காதீர்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம். அடித்தட்டில் தேங்குவதையும் கொட்டிவிடுங்கள்.

நர்சரியிலிருந்து பெரும்பாலும் வெறும் தென்னை நார்க்கழிவில்தான் வரும். மேலே காய்ந்து தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். வீட்டுச் சூழலுக்குப் பழகியதும் செம்மண், பருமணல், கொஞ்சம் மண்புழு உரம் கலந்து மாற்றுவது நல்லது. "வளரட்டுமே" என்று பெரிய தொட்டியில் வைப்பதுதான் இதில் மோசமான தவறு, ஏனென்றால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் அப்படியே நிற்கும். வேர்க்கட்டைவிட ஓரிரு அங்குலம் அகலம் போதும். ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி ஆசையாக இருந்தால், பிளாஸ்டிக் தொட்டியோடு அதற்குள் இறக்கி வையுங்கள்.

அப்புறம், நிழல் என்றால் இருட்டு இல்லை. பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடம் வேண்டும். பச்சை வகைகள் இதைவிடக் குறைந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்கும், சிவப்பு வகைகள் நிறம் மங்கித் தண்டு நீண்டுவிடும். அப்படி நீண்டதை நறுக்கித் தண்ணீரில் வைத்தால் வேர்விடும், தூக்கிப் போட வேண்டாம். ஏசி காற்று நேராகப் படுகிற இடமும் ஆகாது.

குறைந்த வெளிச்சத்தில் மெதுவாக வளர்கிற செடிக்கு உரத்தை அள்ளிப் போட்டால் உப்புத்தான் சேரும். மண்மேல் வெள்ளைப் படலமும் பழுப்பாகிக் கருகின இலை நுனியும் அதன் அடையாளம். போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் இதேதான், மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றலாம்.

மாவுப்பூச்சி இலைக்காம்பு தண்டோடு சேர்கிற மடிப்பில் ஒளிந்திருக்கும். பஞ்சால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

இது சேப்பங்கிழங்கின் குடும்பம், சாறு பட்டால் அரிக்கும், இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழ்கிற குழந்தையோ பூனை, நாயோ இருக்கிற வீட்டில் தரையில் வைக்கவே வைக்காதீர்கள்.