மலை வீட்டுக்கு எந்தக் குளிர்பதனப் பெட்டி? மேல் ஃப்ரீசர் வகையைப் புரிந்துகொள்ளும் வழி, படிப்படியாக

உதகை, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் மார்கழி பிறந்ததும் ஒரு புகார் எழும். வீடே சில்லிட்டுக் கிடக்கும்போது ஃப்ரீசரில் வைத்த ஐஸ்கிரீம் இளகுகிறது; மீன் கெட்டியாக உறையவில்லை. பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணி ஆளை அழைக்கிறோம். பல நேரங்களில் பெட்டியில் பழுது எதுவும் இருப்பதில்லை; குளிர்ந்த அறையில் அது இயங்கும் விதமே அப்படி. சமவெளி வெயிலை மனத்தில் வைத்து எழுதப்படும் வாங்கும் வழிகாட்டிகள் இதைத் தொடுவதில்லை. ஆகவே முதன்முறையாகப் பெட்டி வாங்கப்போகும் மலைவாழ் குடும்பங்களுக்காக, மேல் ஃப்ரீசர் வகையை அடிப்படையிலிருந்து விளக்குகிறேன்.

படி 1: குளிர் எங்கே உண்டாகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

கடைகளில் ‘டபுள் டோர்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மேல் ஃப்ரீசர் வகைதான். மேலே தனிக் கதவுடன் ஃப்ரீசரும் கீழே காய்கறி, பால், சமைத்த உணவுக்கான பெரிய அறையும் இருக்கும். இரண்டு அறைகளுக்கும் தனித்தனியே குளிர் உண்டாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மாடல்களில் அப்படியில்லை. ஃப்ரீசரின் பின்சுவருக்குள் ஒரே ஒரு குளிர்ச்சுருள் இருக்கிறது. ஒரு சிறு விசிறி அதன் மேல் காற்றைச் செலுத்தி, பெரும்பகுதியை ஃப்ரீசருக்குள்ளேயே சுற்றவிட்டு, மீதியை ஒரு குழாய் வழியாகக் கீழ் அறைக்கு அனுப்புகிறது. குளிர்ந்த காற்று கனமானது; தானாகவே கீழிறங்கும். ஃப்ரீசரை மேலே வைக்கும் அமைப்பு எளிமையாகவும் விலை குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

சுருளில் படியும் பனியை ஒரு சூடேற்றி அவ்வப்போது உருக்கிவிடும். அந்த நீர் வடிகுழாய் வழியாக, குளிர்பதன வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸருக்கு மேலுள்ள தட்டில் சேர்ந்து, கம்ப்ரஸரின் வெப்பத்திலேயே ஆவியாகும். ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ என்பதன் பொருள் இவ்வளவுதான்.

படி 2: எந்த அறையின் குளிர் கம்ப்ரஸரை ஓட்டுகிறது என்று கேளுங்கள்

மலையில் வாழ்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இந்தப் படிதான். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவே. அவருக்குத் தெரியாவிட்டால் பெட்டியோடு வரும் கையேட்டை வாங்கிப் பாருங்கள்.

ஒருவகைப் பெட்டிகளில் தெர்மோஸ்டாட், அதாவது குளிரை உணர்ந்து கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் கருவி, கீழ் அறையில் இருக்கும். கீழ் அறை சூடானால் கம்ப்ரஸர் ஓடும், குளிர்ந்தால் நிற்கும். ஃப்ரீசரில் உள்ள குமிழ் கம்ப்ரஸரைக் கட்டுப்படுத்துவதில்லை. கீழே போகும் காற்றின் வழியை அகலமாக்கவோ குறுக்கவோ செய்யும் ஒரு தகட்டை மட்டுமே அசைக்கிறது. சென்னையில் சமையலறை 32 டிகிரியில் இருக்கும்போது கீழ் அறை விரைவில் சூடாவதால் கம்ப்ரஸர் நாள் முழுவதும் அடிக்கடி ஓடி, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்கும். தை மாதத்து உதகையில் சமையலறையே 10 டிகிரிக்கு இறங்கிவிட்டால், 4 டிகிரியில் உள்ள கீழ் அறைக்கும் வெளியறைக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. கீழ் அறை சூடாகவே பல மணி நேரம் ஆகும். அதுவரை கம்ப்ரஸர் உறங்கும். ஃப்ரீசர் மெல்ல மெல்ல இளகும். மார்கழிப் புகாரின் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து எளிது. ஃப்ரீசர் குமிழை அதிகக் குளிர் பக்கம் திருப்புங்கள். தகடு கீழ்வழியைக் குறுக்குவதால் கீழ் அறை குளிர்வதற்கு நேரமாகும், கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும், அந்தக் குளிர் மேலேயே தங்கும். கீழ் அறைக் குமிழை மட்டும் உச்சத்துக்குத் திருப்பிவிடுவது பலர் செய்வது. அப்படிச் செய்தால் தயிரும் கீரையும் உறைந்துபோகும் வாய்ப்பே அதிகம்.

இன்னொரு வகையில் தெர்மோஸ்டாட் ஃப்ரீசரில் இருக்கும். காற்றுத் தகட்டின் குமிழ் கீழ் அறையில் இருக்கும். இங்கே குளிர்காலத்துத் தொல்லை தலைகீழானது. ஃப்ரீசர் சரியாக இருக்கும், ஆனால் வெளியிலிருந்து வெப்பம் வராத கீழ் அறை அளவுக்கு மீறிக் குளிர்ந்து, காற்றுத் துளையின் அருகே வைத்த கொத்தமல்லி கண்ணாடிபோல் விறைக்கும். அப்போது கீழ் அறைக் குமிழைக் குறைந்த குளிருக்கு மாற்றி, கீரை, கொத்தமல்லி போன்றவற்றை அடியிலுள்ள காய்கறிப் பெட்டியில் வைத்தால் போதும்.

இரண்டு அறைகளிலும் தனித்தனி உணரியும் தானியங்கித் தகடும், தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸரும் உள்ள மாடல்கள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தாமே சமாளிக்கின்றன. மலை வீட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த வசதி இது ஒன்றுதான் என்பது என் கருத்து. கதவில் தண்ணீர்க் குழாயும் திரையும் வேண்டியதில்லை. சில மாடல்களில் குளிர் நாட்களுக்கென ஒரு சிறு சூடேற்றியும் சுவிட்சும் தரப்படுவதுண்டு. இருந்தால் பயன்படுத்துங்கள்.

படி 3: காலநிலை எழுத்தைப் படியுங்கள்

பெட்டியின் உட்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டியுள்ள தகவல் தகட்டில் எஸ்என் (SN), என் (N), எஸ்டி (ST), டி (T) என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருக்கும். எஸ்என் என்றால் 10 முதல் 32 டிகிரி வரையுள்ள அறைக்கும், என் என்றால் 16 முதல் 32 வரைக்கும், எஸ்டி என்றால் 16 முதல் 38 வரைக்கும், டி என்றால் 16 முதல் 43 வரைக்கும் உரியது என்று பொருள். எஸ்என் முதல் டி வரை என்று சேர்த்து எழுதியிருந்தால் 10 முதல் 43 வரை தாங்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகைக்கும் ஏறத்தாழ 2,100 மீட்டரில் உள்ள கொடைக்கானலுக்கும் எஸ்என் இருப்பதே நல்லது. உதகையை அடுத்த தலைக்குந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி விழும் நாட்களில் அடுப்பில்லாத அறை 16 டிகிரியை எட்டுவதே அரிது. கூடலூர் உயரம் குறைந்த ஊர்; அங்குள்ளவர்கள் இதைப் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

படி 4: மற்ற வகைகளோடு ஒப்பிடுங்கள்

சிங்கிள் டோர் பெட்டி விலையிலும் மின்செலவிலும் சிக்கனமானது. ஆனால் அதன் ஃப்ரீசர் பெட்டிக்குள்ளேயே உள்ள ஒரு சிறு அறை. இறைச்சியை வாரக்கணக்கில் வைப்பதற்கு ஏற்ற குளிர் அதில் பொதுவாகக் கிடைக்காது. பனியையும் நாமேதான் உருக்க வேண்டும். ஒருவர் இருவர் மட்டும் வாழும், காய்கறியை அன்றன்றே வாங்கும் வீட்டுக்கு அது போதும்.

கீழ் ஃப்ரீசர் வகையில் அடிக்கடி எடுக்கும் காய்கறியும் பாலும் கண்ணுக்கு நேரே வரும். மேல் ஃப்ரீசர் வகையில் காய்கறிப் பெட்டிக்காகத் தினமும் குனிய வேண்டியிருக்கிறது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் சமைக்கும் வீட்டில் இந்த வேறுபாட்டைச் சிறிதாக எண்ணக் கூடாது. அதே கொள்ளளவுக்குக் கீழ் ஃப்ரீசரின் விலை பொதுவாகக் கூடுதல்.

சைடு பை சைடு, பல கதவு வகைகள் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலமும் 100 கிலோ அளவுக்கு எடையும் உள்ளவை. சாலையிலிருந்து நாற்பது படி இறங்கி, சந்தில் திரும்பி நுழைய வேண்டிய மலை வீடுகளுக்கு அவற்றைக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. பணம் கட்டும் முன் படிக்கட்டின் திருப்பத்தையும் வாசற்கதவையும் அளந்துகொள்ளுங்கள்.

மின்செலவை ஒப்பிடும்போது நட்சத்திரங்களை மட்டும் எண்ணாதீர்கள். சிங்கிள் டோருக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீக்கும் நட்சத்திரக் கணக்கு வேறு வேறு. கொள்ளளவும் அதில் சேர்கிறது. லேபிளில் அச்சிட்டுள்ள ஆண்டு யூனிட் எண்ணைப் பார்த்து ஆறால் வகுத்தால், நம் மின்கட்டணம் கணக்கிடப்படும் இரண்டு மாதங்களுக்கான அளவு கிடைக்கும். 240 யூனிட் என்றிருந்தால் 40. குளிர்ந்த வீட்டில் உண்மைச் செலவு பெரும்பாலும் இதற்கும் குறைவாகவே இருக்கும்.

படி 5: கொண்டுவந்து நிறுத்துங்கள்

மலைப்பாதையில் வண்டியில் நிமிர்த்தியே ஏற்றி வரச் சொல்லுங்கள். படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், கம்ப்ரஸர் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பும் வரை சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். திறந்த தாழ்வாரம், கார் கொட்டகை ஆகியவை பெட்டிக்கு ஏற்ற இடங்கள் அல்ல. வீட்டிலேயே வெதுவெதுப்பான அறை சமையலறைதான். அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, சுவரிலிருந்து இடைவெளி விட்டு அங்கே வையுங்கள். மூடுபனிக் காலத்தில் கதவு ரப்பரில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

படி 6: அளந்து சரிசெய்யுங்கள்

கீழ் அறையின் நடுத்தட்டில் ஒரு தம்ளர் நீரில் வெப்பமானியை இட்டு இரவு முழுதும் விடுங்கள். காலையில் 2 முதல் 5 டிகிரிக்குள் காட்ட வேண்டும். ஃப்ரீசரில் உறைந்த பொட்டலங்களுக்கிடையே வைத்தால் மைனஸ் 18 அளவில் இருக்க வேண்டும். குமிழை ஒரு நேரத்தில் ஒரு எண் மட்டும் மாற்றி, ஒரு நாள் முழுதும் காத்திருந்து மறுபடி அளவிடுங்கள். பங்குனியில் வெயில் ஏறியதும் இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

படி 7: எதை உள்ளே வைக்கலாம் என்று தீர்மானியுங்கள்

உருளைக்கிழங்கை உள்ளே வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது கருகும். விருப்பாச்சி மலைவாழைப்பழம் தோல் கறுக்கும். மலைப்பூண்டுக்குக் காற்றோட்டமான பரண் போதும். பட்டர் ஃப்ரூட்டை வெளியில் பழுக்கவிட்டுப் பிறகு உள்ளே வைக்கலாம். கேரட், பீட்ரூட், பட்டாணி, கீரை ஆகியவற்றுக்கு அடியிலுள்ள காய்கறிப் பெட்டியை ஒதுக்குங்கள். இட்லி மாவு இந்தக் குளிரில் புளிக்கவே நேரமெடுப்பதால், பொங்கிய பிறகுதான் அது உள்ளே போக வேண்டும்.

படி 8: மின்தடைக்கு ஆயத்தமாக இருங்கள்

ஆடியில் கூடலூர், பந்தலூர் பக்கமும், ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் மரம் சாய்ந்து மின்சாரம் நீண்ட நேரம் போவது வழக்கம். கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். கீழ் அறைக்கு 4 மணி நேரக் கணக்கு. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு கிண்ணம் நீரை ஃப்ரீசரில் உறையவைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது மின்சாரம் போய் வந்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். நாணயம் மேலேயே இருந்தால் உணவு உறைந்தே இருந்திருக்கிறது. அடிவரை இறங்கியிருந்தால் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது, இறைச்சியையும் மீனையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.