ஒரே பிரிண்டர், மூன்று சிஸ்டம்: விண்டோஸ், லினக்ஸ், மேக் இடையே ஷேர் பிரிண்டிங் நின்றுபோனால்

பாரிமுனை, மண்ணடி, வண்ணாரப்பேட்டை பக்கத்து டைப்பிங் கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஏற்பாடு பெரும்பாலும் இப்படித்தான். கல்லாவில் ஒரு விண்டோஸ் பிசி, அதில் யுஎஸ்பி கேபிளில் கேனான் எல்பிபி 2900 அல்லது ஹெச்பி 1020. உள்ளே பத்திரிகை டிசைனுக்கு ஒரு மேக், ஓரத்தில் உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய பிசி. விண்டோஸில் ஷேர் கொடுத்தாயிற்று, மற்ற இரண்டிலும் பிரிண்டர் பெயர் தெரிகிறது, ஆனால் காகிதம் மட்டும் வருவதில்லை. உடனே எல்லோரும் செய்வது டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவது. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

பிரிண்ட் போய்ச் சேர வழி (நெட்வொர்க்), அனுமதி, மொழி (பிரிண்டருக்குப் புரியும் டேட்டா வடிவம்) மூன்றும் சரியாக இருக்க வேண்டும். பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டினாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ வழியில் கோளாறு. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, லினக்ஸில் பிரிண்ட் வேலைகள் காத்திருக்கும் கியூவில் 'ஹெல்ட் ஃபார் ஆதென்டிகேஷன்' என்று நின்றாலோ அனுமதியில் கோளாறு. வேலை 'கம்ப்ளீட்டட்' ஆகியும் காகிதம் வராவிட்டால், அல்லது பக்கம் பக்கமாகக் கிறுக்கல் எழுத்து வந்தால், மொழியில் கோளாறு. 'ஃபில்டர் ஃபெயில்ட்' என்ற செய்தியும் இந்தக் கடைசி வகைதான். எது நின்றது என்று தெரிந்த பிறகு கை வையுங்கள்.

வழி

எல்லா மெஷினிலும் ஐபி எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 192.168.1.12, இன்னொன்றில் 192.168.0.5 என்று இருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் பெட்டி ஒன்று, அதன் பின்னால் கடைக்காரர் வாங்கிப் போட்ட ரூட்டர் ஒன்று, இரண்டும் தனித்தனியாக ஐபி கொடுக்கின்றன. உள் ரூட்டரில் இருக்கும் மெஷின் வெளியே இருப்பதை ஐபி எண் கொடுத்து எட்டிவிடும், எதிர்ப்பக்கமிருந்து முடியாது. தானாகப் பிரிண்டரைக் கண்டுபிடிப்பது இரண்டு பக்கமும் நடக்காது. இரண்டாவது ரூட்டரில் அக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அதன் ஐபியை 192.168.1.2 போல ஒன்றாக்கி, தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியை நிறுத்தி, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டிலிருந்து பிடுங்கி லேன் போர்ட்டில் செருகுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கெஸ்ட் வைஃபையில் கடை மெஷின் எதுவும் இருக்கக் கூடாது. அதில் ஒரு மெஷின் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடிதான் வைத்திருப்பார்கள்.

பிரிண்டர் இருக்கும் விண்டோஸ் பிசிக்கு ரூட்டரிலேயே ஐபியை ரிசர்வ் செய்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தால் ஐபி மாறி, நேற்று வரை வந்த பிரிண்ட் இன்று வராமல் போவதற்கு இதுதான் மருந்து. அதே பிசியில் நெட்வொர்க் புரொஃபைல் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். பப்ளிக்கில் ஷேரிங் கதவு மூடியே இருக்கும். பிங் போட்டுப் பதில் வரவில்லை என்றால் பிசி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம். 445 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் ஷேரிங் அதில்தான் நடக்கிறது. லினக்ஸும் மேக்கும் பயன்படுத்தும் பிரிண்ட் மென்பொருளான கப்ஸ் 631-இல் பேசும். லேன் கேபிள் உள்ள பிரிண்டர் நேரடியாக 9100-இல் கேட்கும்.

லேன் பிரிண்டர் விண்டோஸில் மட்டும் 'ஆஃப்லைன்' காட்டினால், பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கம் போங்கள். டபிள்யூஎஸ்டி போர்ட் என்றிருந்தால் ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்டாக மாற்றி ஐபியை அடியுங்கள். அதன் 'கான்ஃபிகர் போர்ட்' உள்ளே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். உயிரோடு இருக்கும் பிரிண்டரைப் பல நேரம் அந்த டிக்தான் ஆஃப்லைன் ஆக்கி வைத்திருக்கும்.

அனுமதி

விண்டோஸில் நுழையும் பின் நம்பர் நெட்வொர்க் வழியாக எடுபடாது. பாஸ்வேர்டே இல்லாத அக்கவுன்டும் எடுபடாது. பிரிண்டுக்கென்று தனியாக ஒரு லோக்கல் அக்கவுன்ட் உண்டாக்கி, அதற்குப் பாஸ்வேர்ட் வைத்து, லினக்ஸிலும் மேக்கிலும் அதையே கொடுங்கள். ஷேர் பெயரில் இடைவெளி வேண்டாம், சின்னதாக ஒரே சொல்லாக வையுங்கள். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 அப்டேட் வந்தபின் பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் வழி பல இடங்களில் அடைபட்டுவிட்டது, அதை நம்பி இருக்காதீர்கள்.

இரண்டு விண்டோஸுக்கு இடையிலேயே 11பி என்று முடியும் எர்ரர் வந்தால், அது 2021 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட்டோடு வந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைப் பூஜ்யமாக்கினால் சரியாகும் என்று பலர் சொல்லிக் கொடுப்பார்கள். சரியாகத்தான் ஆகும், ஆனால் அந்த அப்டேட் அடைத்த ஓட்டையை நாமே திறந்துவிடுகிறோம். ஆதார், பத்திரம், பான் கார்டு நகல் ஓடும் கடையில் அதைச் செய்யாதீர்கள். இரண்டு பிசிக்கும் அப்டேட் முழுசாகப் போடுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் கீழே சொல்லும் வழிக்கு மாறிவிடுங்கள்.

மொழி

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். எல்பிபி 2900, ஹெச்பி 1020 போன்றவற்றுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலை முழுவதும் பிசியிலுள்ள டிரைவருடையது. 2900-இன் கேப்ட் டிரைவர் பிரிண்டரோடு இருவழியாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் விண்டோஸ் ஷேர் வந்தால் லினக்ஸிலிருந்தும் மேக்கிலிருந்தும் அந்தப் பேச்சு அறுந்துபோகும். எத்தனை முறை டிரைவர் போட்டாலும் இது மாறாது.

அதனால் பிரிண்டரை விண்டோஸிலிருந்து கழற்றி லினக்ஸ் பிசியில் மாட்டுங்கள். அந்த ஒரு மெஷின் மட்டும் பிரிண்டரின் மொழியைப் பேசட்டும், மற்றவை பொதுவான வடிவில் அனுப்பினால் போதும். 1020-க்கு ஹெச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான ஹெச்பிலிப் பேக்கேஜும் அதன் பிளகினும் வேண்டும். 2900-க்கு கேனானின் லினக்ஸ் டிரைவர் இன்டெல், ஏஎம்டி பிசியில்தான் ஓடும், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடாது. முதலில் அந்த லினக்ஸ் பிசியிலேயே ஒரு டெஸ்ட் பேஜ் வர வேண்டும், வராமல் மேலே போகாதீர்கள்.

பிறகு அதே பிசியின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், கோலன், 631 என்று அடித்தால் கப்ஸ் பக்கம் திறக்கும். அட்மினிஸ்ட்ரேஷனில் 'ஷேர் பிரிண்டர்ஸ்' டிக் போடுங்கள், அந்தப் பிரிண்டருக்கும் தனியாக ஷேர் கொடுங்கள். இரண்டில் ஒன்றை விட்டாலும் வேலை நடக்காது. ஃபயர்வாலில் 631-ஐத் திறந்து, பிரிண்டர் இருப்பதை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹி சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். மேக்கிலும் ஐபோனிலும் பிரிண்டர் தானாகத் தெரிவது அதனால்தான்.

விண்டோஸில் 'ஆட் பிரிண்டர்' போய், பெயர் கொடுத்துச் சேர்க்கும் இடத்தில் ஹெச்டிடிபி, கோலன், இரண்டு ஸ்லாஷ், லினக்ஸ் பிசியின் ஐபி, கோலன், 631, ஸ்லாஷ், பிரிண்டர்ஸ், ஸ்லாஷ், கியூ பெயர் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடியுங்கள். 631-ஐ விட்டுவிட்டால் விண்டோஸ் 80-ஆம் போர்ட்டில் போய்த் தட்டிவிட்டுத் திரும்பிவரும். டிரைவர் கேட்டால் மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர், இல்லையென்றால் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் ஒன்று. இங்கே 1020-இன் சொந்த டிரைவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அனுப்பும் பிசி ஏற்கெனவே மொழிபெயர்த்ததைக் கப்ஸ் மறுபடி கையாளப் போய்க் கிறுக்கல் வரும்.

ஹெச்பி 1020 ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ஃபர்ம்வேரைப் பிசியிலிருந்து வாங்கிக்கொள்ளும். கரண்ட் போய் வந்தபின் வேலை கியூவில் நகர்ந்தும் பிரிண்டர் அசையாமல் இருந்தால், யுஎஸ்பி கேபிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். அதற்குள் கப்ஸ் கியூவை நிறுத்தி 'பாஸ்டு' என்று வைத்திருக்கும், 'ரெஸ்யூம்' கொடுக்க மறக்காதீர்கள்.

ஆரஞ்சு விளக்கு சிமிட்டி, எல்லாம் சரியாக இருந்தும் நின்றால், காகித அளவைப் பாருங்கள். மேக்கும் லினக்ஸும் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் 'லெட்டர்' அளவில் அனுப்பும், அது 216 × 279 மில்லிமீட்டர். ட்ரேயில் இருப்பதோ ஏ4, 210 × 297. கியூவின் டிஃபால்ட்டை ஏ4 ஆக்குங்கள். லீகல் காகிதமும் ஓட்டும் கடைகள் அதே பிரிண்டருக்கு லீகல் டிஃபால்ட்டோடு இரண்டாவது கியூ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் செட்டிங்கை மாற்ற வேண்டியதில்லை.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆவணம் விண்டோஸில் சரியாகவும் லினக்ஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகவும் வந்தால் நெட்வொர்க்கைக் குறை சொல்ல வேண்டாம், அந்த எழுத்துரு இந்த மெஷினில் இல்லை. அடித்த பிசியிலேயே எழுத்துருவை உள்ளடக்கி பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் பிரிண்டில் உடைந்தால், அக்ரோபேட் ரீடரின் பிரிண்ட் பெட்டியில் அட்வான்ஸ்டு போய் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் போடுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து மாறாது.