உறைந்த ஏரியில் சிறுமீன் பிடிக்க: குறைந்த செலவில் தூண்டில் கோலும் ரீலும் தேர்ந்தெடுக்கும் முறை

ஒன்டாரியோவின் சிம்கோ ஏரி டொராண்டோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத் தமிழ் வாசகர்களுக்கு எளிதில் எட்டும் என்பதால் அந்த ஏரியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். குளிர்காலத்தில் அங்கே பனிக்கட்டியில் துளையிட்டுப் பிடிக்கப்படும் சிறுமீன்களில் மஞ்சள் பெர்ச் முதன்மையானது. ஆழம் குறைந்த குக்ஸ் விரிகுடாப் பக்கம் க்ராப்பியும் புளூகில்லும் கிடைக்கும். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் பான்ஃபிஷ் என்கிறார்கள். இவற்றுக்கான கோல் வாங்கக் கடைக்குப் போகும் புதியவர்கள், விலை கூடினால் உணர்திறனும் கூடும் என்று நம்பி ரீலுக்குப் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கிறேன். உண்மையில் மீன் தொட்டதை நமக்குச் சொல்பவை கோலின் நுனியும் தூண்டில் நரம்புமே. நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலுக்கு அதில் சிறு பங்குதான் உண்டு.

முதற்படி: மீன் எப்படிக் கடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பனிக்கட்டிக்குக் கீழே ஏரியின் அடிப்பகுதி நீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் இருக்கும். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே ஒட்டியது என்பதால், அந்தக் குளிரில் அதன் செரிமானமும் அசைவும் மந்தமாகிவிடுகின்றன. கோடையில் இரையைப் பாய்ந்து கவ்வும் அதே புளூகில், இப்போது அருகில் வந்து நின்று, சிறிது நீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சிப் பார்த்து, ஐயம் தோன்றினால் உடனே துப்பிவிடுகிறது. கோலின் நுனி ஓரிரு மில்லிமீட்டர் தாழ்வதுதான் நமக்குக் கிடைக்கும் அடையாளம். சில வேளைகளில் அதுவும் இருக்காது. மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு மேல்நோக்கி எழும். அப்போது ஜிக் எனப்படும், முள் பொருத்திய சிறு உலோகக் குண்டின் எடை நரம்பிலிருந்து விலகுவதால், அதுவரை சற்றே வளைந்திருந்த நுனி சத்தமில்லாமல் நேராகும். இந்த மேல்கடியைக் காணத் தெரியாதவர், மீன் இல்லை என்று நினைத்து வேறு துளைக்குப் போய்விடுவார்.

கோல் தேர்வின் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. நுனி நேராவதைப் பார்க்க வேண்டுமானால், அது ஏற்கெனவே சிறிது வளைந்திருக்க வேண்டும். ஒரு கிராமுக்கும் குறைவான ஜிக் தொங்கும்போது வளையாத விறைப்பான கோல், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், மேல்கடியைக் காட்டவே காட்டாது.

இரண்டாம் படி: ஜிக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

கோலுக்கு முன்பு ஜிக்கை வாங்குங்கள். 3 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள டங்ஸ்டன் ஜிக் தொடக்கத்துக்குப் போதும். டங்ஸ்டன் ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது. எனவே உருவத்தில் சிறியதாக இருந்தும் விரைவாக இறங்கி நரம்பை நேராக இழுத்துப் பிடிக்கிறது. முள்முனையில் ஒரு சிறு தக்கைத் துண்டைக் குத்திச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

அங்கே கோலைக் கிடைமட்டமாகப் பிடித்து, கடைசி வளையத்தில் அந்த ஜிக்கைத் தொங்கவிடுங்கள். நுனி சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து நின்றால் அந்தக் கோல் பொருத்தமானது. அசையாமல் நின்றால் அது வால்ஐ போன்ற பெரிய மீனுக்கானது; திருப்பி வைத்துவிடுங்கள். நுனி அரைவட்டமாகத் தொங்கிப்போனால் ஜிக்கை ஆட்டிக் காட்டவே முடியாது, ஏனெனில் உங்கள் மணிக்கட்டின் அசைவு முழுவதையும் கோலே விழுங்கிவிடும். அட்டையில் அச்சிட்டிருக்கும் ‘அல்ட்ராலைட்’ என்ற சொல்லுக்கு நிறுவனங்களிடையே பொது அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் அல்ட்ராலைட் மற்றொன்றின் லைட்டைவிட விறைப்பாக இருக்கக்கூடும். ஆகவே எழுத்தைவிட இந்தச் சோதனையையே நான் நம்புகிறேன்.

அடுத்து நுனியை விரலால் பிடித்து மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். முதல் கால்பங்கு எளிதாக வளைந்து, கைப்பிடியை நெருங்கும் பகுதி எதிர்த்து நிற்க வேண்டும். ஆறேழு மீட்டர் ஆழத்தில் இருக்கும் பெர்ச்சின் வாயில் முள்ளைப் பதிக்க அந்த எதிர்ப்பு தேவை. முழுக் கோலும் நூடுல்ஸ் போல வளையும் வகை, ஆழமற்ற இடத்தில் புளூகில் பிடிப்பதற்கு அருமையானது. காகிதம் போல் கிழிந்துவிடும் வாயுள்ள க்ராப்பிக்கும் அது நல்லதே. முதல் கோலாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருளைப் பொறுத்தவரை, ஃபைபர் கிளாஸ் விலை குறைவு, குளிரிலும் அடியிலும் எளிதில் உடையாது, நுனி மென்மையாக அமையும். கிராஃபைட் எடை குறைந்தது. அதிர்வை உள்ளங்கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் அதற்கு இணையில்லை. ஆனால் கதவிடுக்கில் ஒருமுறை சிக்கினால் முறிந்துபோகும். சிறுமீன் கடியைக் கையால் உணர்வதைவிடக் கண்ணால் பார்ப்பதே அதிகம் என்பதால், நுனியில் பளிச்சென்ற வண்ணம் பூசிய திட ஃபைபர் கிளாஸ் கோல் தொடக்கநிலையாளருக்குப் போதுமானது என்பது என் கருத்து.

நீளத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். குடிலுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ துளையருகே உட்கார்ந்து பிடிப்பதானால் 24 முதல் 28 அங்குலம். திறந்தவெளியில் நின்றபடி பிடிப்பதானால் 30 அங்குலத்துக்கு மேல். நுனி வளையம் மிகச் சிறியதாக இருந்தால், வெளியே உட்கார்ந்த சில நிமிடங்களில் அதில் பனி அடைத்து நரம்பு நகராது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் ஒரு விறைப்பான கோல் இருக்கிறதென்றால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஸ்பிரிங் பாபர் என்னும் மெல்லிய எஃகுக் கம்பியைச் சில டாலருக்கு வாங்கி நுனியில் பொருத்தி, நரம்பை அதன் கண்ணில் கோத்துக்கொண்டால், மென்மையான நுனி செய்யும் வேலையை அது செய்துவிடும்.

மூன்றாம் படி: ரீல்

உங்கள் முன் இரண்டு வகைகள் இருக்கும். முதலாவது, எல்லோரும் அறிந்த ஸ்பின்னிங் ரீல். இதில் நரம்பு சுற்றப்படும் உருளையான ஸ்பூல் அசையாமல் நிற்க, ஒரு கம்பி வளையம் சுற்றிவந்து நரம்பை அதன் மேல் சுற்றுகிறது. அதனால் நரம்பில் முறுக்கு ஏறுகிறது. மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறாமல் நழுவவிடும் அமைப்பான டிராக் நழுவும் நேரத்திலும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது இன்னும் கூடும். துளைக்குள் இறங்கிய ஜிக் அந்த முறுக்கை அவிழ்த்துக்கொண்டு பம்பரமாகச் சுழலும். மந்தமாக நின்று பார்க்கும் மீன், சுழலும் இரையை அனேகமாகத் தொடாது. இரண்டாவது வகையான இன்லைன் ரீலில் ஸ்பூலே சக்கரமாக உருண்டு நரம்பை நேராகச் சுற்றுவதால் முறுக்குக்கு இடமில்லை. ஆனால் மலிவான இன்லைன் ரீல்களில் டிராக் முரடாக இருக்கும், எடை குறைந்த ஜிக்கும் மெதுவாகவே இறங்கும்.

ஒரே கோல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஸ்பின்னிங் ரீலையே எடுங்கள். பெரிய மீன் எதிர்பாராமல் மாட்டினால் அதன் டிராக் காப்பாற்றும். ரீலின் அளவைக் குறிக்கும் எண்களில் 500ஐவிட 1000 நல்லது. ஸ்பூல் சிறியதானால் நரம்பு சிறு சிறு சுருள்களாகப் படிந்துவிடும். குளிரில் அந்தச் சுருள்களை நேராக்க ஒரு கிராம் ஜிக்கால் முடியாது. சுருண்டு கிடக்கும் நரம்பு, மீனின் தொடுதல் நுனிக்கு வந்து சேருமுன் அதை விழுங்கிவிடும். பேரிங் எண்ணிக்கையை நம்பி விலை கொடுக்காதீர்கள்.

டிராக்கைச் சோதிக்க, அதைத் தளர்த்தி வைத்து நரம்பை விரலால் மெல்ல இழுங்கள். தொடக்கத்தில் ஒட்டிப் பிடித்துப் பிறகு துள்ளினால், 2 பவுண்டு இழுவை மட்டுமே தாங்கும் நரம்பு அந்தத் துள்ளலிலேயே அறுந்துபோகும். வீட்டுக்கு வந்ததும் ரீலை ஒரு பைக்குள் இட்டு இரவு முழுவதும் ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி, ஏரியின் கடுங்குளிர் நாளுக்கு ஈடானது. காலையில் கைப்பிடி தடங்கலின்றிச் சுழன்றால் சரி. இறுகியிருந்தால் உள்ளேயிருக்கும் கிரீஸ் கெட்டியாகிவிட்டது என்று பொருள். அதைத் துடைத்தெடுத்துவிட்டு மெல்லிய ரீல் எண்ணெய் ஓரிரு சொட்டு இட வேண்டும். ரசீது கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட்டால், பிடிக்காத ரீலைத் திருப்பிக் கொடுக்கவும் வழியுண்டு.

நான்காம் படி: நரம்பு

கோலும் ரீலும் சேர்த்து விற்கும் காம்போவில் பெரும்பாலும் தடித்த, சுருண்ட நரம்பைச் சுற்றித் தருகிறார்கள். அதைக் கழற்றிவிட்டு 2 அல்லது 3 பவுண்டு மோனோஃபிலமென்ட், அதாவது ஒற்றை இழை, நரம்பைச் சுற்றுங்கள். ஆழமான இடத்தில் ஃப்ளூரோகார்பன் நரம்பு நன்றாக இறங்கும். ஆனால் சற்று விறைப்பானது. பின்னல் நரம்பு நீரை உறிஞ்சிக்கொண்டு மேலே வந்ததும் உறைந்துவிடுவதால், கூடாரத்துக்கு வெளியே அது தொல்லை. ஸ்பூலின் அடியில் பழைய நரம்பைச் சுற்றி நிரப்பிவிட்டு, அதன்மேல் 25, 30 மீட்டர் புது நரம்பு சுற்றினால் போதும். அடி தடித்திருப்பதால் சுருள்களும் பெரிதாக அமையும்.

ஐந்தாம் படி: சமநிலை

ரீலைக் கோலில் பொருத்தி, ரீலைக் கோலோடு இணைக்கும் காலுக்குச் சற்று முன்னால் ஆள்காட்டி விரலில் வைத்துப் பாருங்கள். கோல் கிடைமட்டமாக நின்றால் மணிக்கட்டு சோர்வடையாது, நுனியின் சிறு அசைவும் தெளிவாகத் தெரியும். திருகுப் பிடி இல்லாத வெறும் கார்க் கைப்பிடியாக இருந்தால், ரீலை முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலை கண்ட இடத்தில் மின்கம்பி டேப்பால் சுற்றிவிடலாம். பார்க்க அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் உறைந்த உலோகத்தை விரல் தொடாமல் இருப்பதன் அருமை வெறுங்கையோடு பிடிக்கும்போது விளங்கும்.

செலவுக் கணக்கு

கையில் 70 கனடிய டாலர் இருக்கிறதென்று வைத்துக்கொண்டால், பாதியைக் கோலுக்கும், 25 டாலரளவில் ரீலுக்கும், மீதியை நரம்புக்கும் ஜிக்குக்கும் ஒதுக்குவேன். அவ்வளவு இயலாதவர்கள் 30, 40 டாலர் காம்போ ஒன்றை மேற்சொன்ன ஜிக் சோதனையில் தேறினால் வாங்கி, நரம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அவசரமில்லாதவர்கள் மார்ச் வரை பொறுத்திருப்பது நல்லது. சிம்கோ ஏரியில் மீன்பிடிக் குடில்களை மார்ச் 15க்குள் அகற்றியாக வேண்டும். அதையொட்டிக் கடைகளும் குளிர்காலச் சரக்கைத் தள்ளுபடியில் விற்றுத் தீர்க்கப் பார்க்கும். அப்போது வாங்கும் கோலை ஒரு பிவிசி குழாய்த் துண்டுக்குள் செருகி, டிராக்கைத் தளர்த்தி, அடுத்த பருவம் வரை நிற்கவைத்துவிடுங்கள்.