வீட்டில ஒரு ஜோடெல் டி9 கட்டுவம்: 70 சென்ரிமீற்றர் கிளைடர்

பொங்கலுக்குப் பட்டம் கட்டத் தெரிஞ்ச ஆருக்கும் எஞ்சின் இல்லாமக் காத்தில மிதக்கிற இந்தச் சின்னப் பிளேனைச் செய்ய ஏலும். ஜோடெல் டி9 எண்டது 1948 ஜனவரியில முதல் பறந்த, ஒராள் மட்டும் இருக்கிற மரப் பிளேன், பிரான்சில எடுவார் ஜொலியும் அவரின்ர மருமகன் ஜான் டெலெமொந்தேயும் செய்தது, ரெண்டு பேரின்ர பேரையும் சேர்த்துத்தான் ஜோடெல். 25 குதிரைவலு எஞ்சினோட தொடங்கினது, பிறகு பிளானை வாங்கி வீட்டில கட்டின ஆக்கள் வொக்ஸ்வாகன் கார் எஞ்சினைப் பூட்டியும் பறந்தவை. எனக்கு இதைப்போல வடிவான பிளேன் வேற இல்லை, காரணம் அந்தச் செட்டை. நடுப்பகுதி பலகை மாதிரி நேரா இருக்கும், நுனி ரெண்டும் சடாரெண்டு 14 பாகை மேல எழும்பும்.

உண்மைப் பிளேனுக்குச் செட்டை 7 மீற்றர், நீளம் 5.45 மீற்றர். பத்திலொண்டாக்கினா 70க்கு 54.5 சென்ரிமீற்றர், அளவான சைஸ்.

அரை இஞ்சி றெஜிபோம் சீற் வாங்குங்கோ. ஒட்டுறதுக்குத் தச்சர் பாவிக்கிற வெள்ளைக் கம் மட்டும்தான், சுப்பர் குளூ, ஸ்பிறே பெயின்ற் எல்லாம் றெஜிபோமைக் கரைச்சுப்போடும், நான் முதல் செய்த செட்டை அப்பிடித்தான் ஒரு நிமிசத்தில ஓட்டையாப் போனது, இண்டைக்கும் மனவருத்தம்.

செட்டையை 14 சென்ரிமீற்றர் அகலத்தில வெட்டி, முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெல்லிசா அரத்தாள் போட்டுத் தேயுங்கோ. நடுத்துண்டு 36, நுனித்துண்டு ஒவ்வொண்டும் 17. நடுத்துண்டுக்குக் கீழ காடி எடுத்து, பட்டத்துக்குச் சீவிற மாதிரி ஒரு மூங்கில் சலாகையைப் பதிச்சு ஒட்டுங்கோ. இனித்தான் முக்கியமான இடம், அவசரப்படாதேங்கோ. நடுத்துண்டை மேசையில அமத்தி வைச்சு, நுனிக்குக் கீழ 4.1 சென்ரிமீற்றர் உயரத்துக்கு கொப்பியளை அடுக்கினா 14 பாகை சரியா வரும், மூட்டைச் சரிச்சு வெட்டி ஒட்டி இரவு முழுக்க விடுங்கோ. நுனியின்ர பின்விளிம்பு மட்டும் மூண்டு நாலு மில்லிமீற்றர் கூட எழும்பி நிக்கோணும். உண்மைப் பிளேனிலயும் இந்த முறுக்கு இருக்கு, வேகம் குறையேக்க நடுச்செட்டை முதல்ல தூக்கலை இழக்கும், நுனி பிடிச்சுக்கொண்டிருக்கும், அதால ஒரு பக்கமாச் சரிஞ்சு விழாது.

உடம்புக்குப் பக்கத் தோற்றத்தை வரைஞ்சு ரெண்டு தட்டு ஒட்டி வெட்டினாக் காணும். கிடைவால் 24க்கு 7. நிமிர்ந்த வால் வட்டமா, சின்னனா இருக்கோணும், டி9க்கு அசையாத ஃபின் இல்லை, நிக்கிறது முழுக்க பிளேனை இடம் வலம் திருப்புற ரடர்தான். நாங்கள் அதை நேரா ஒட்டி விடுவம். வாலில பெயின்ற் பூசாதேங்கோ, அங்க ஒரு கிராம் கூடினா மூக்கில ரெண்டு கிராமுக்கு மேல ஈயம் போடவேணும்.

சமநிலை பாக்கிறது பட்டத்துக்கு முச்சை கட்டுற மாதிரித்தான். செட்டையின்ர முன்விளிம்பில இருந்து மூண்டரை சென்ரிமீற்றரில ரெண்டு விரலால தூக்குங்கோ, நேரா நிக்குமட்டும் மூக்கில வலைக்குக் கட்டுற ஈயக்குண்டைச் செருகுங்கோ.

விடுறதுக்குப் பட்டக் காத்து சரிவராது. வாடையோ சோளகமோ எழும்ப முதல், விடியக்காலமை புல்லுத்தரையில, தோள் உயரத்தில இருந்து மூக்கைக் கொஞ்சம் பதிச்சுத் தள்ளி விடுங்கோ, எறியவேண்டாம். எழும்பி எழும்பித் தொங்கினா ஈயம் காணாது, நேர நிலத்தில குத்தினா ஈயம் கூடிப்போச்சு. ஒரு பக்கம் சுத்தினா ரெண்டு நுனியும் ஒரே முறுக்கோ எண்டு பின்னுக்கு நிண்டு பாருங்கோ, கூடினதை விரலால மெல்ல அமத்தித் திருப்பினாச் சரிவரும். நான் ஒரு தரத்தில ஒரு மாற்றம் மட்டும்தான் செய்வன், இல்லையெண்டால் எது பிழை எண்டு கண்டுபிடிக்க ஏலாது. மோட்டர், றிமோட் பூட்ட ஆசை எண்டால் முதல்ல சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின்ர விதியளைப் பாருங்கோ, விமான நிலையம் இருக்கிற பலாலிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.